காதுக்கு வந்த வண்டி

என் மூத்தாருக்குக் காது கேட்காது. என் வீட்டுக்காரருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஆனால் ஒரே பட்டாளத்தில் இருந்தவர்கள் அல்ல. மூத்தவர் புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தபோதே அவன் பட்டாளத்தில் சேர்ந்து அல்ஜீரியா வரை போய், பீரங்கிச் சத்தத்தில் ஒரு காதை முழுதாகவும் இன்னொன்றை முக்கால்வாசியும் விட்டுவிட்டு வந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். இளையவர், அதாவது என் வீட்டுக்காரர், ஊர் இந்தியாவோடு சேர்ந்த பிறகு இந்தியப் பட்டாளத்தில் சேர்ந்து எழுபத்தொன்றில் நடந்த சண்டையில் கண்ணிவெடியை மிதித்தவர்.

முதலியார்பேட்டையில் என் மாமனார் கட்டிய வீட்டை நடுவில் ஒரு சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டோம். கெட்டிச் சுவர் இல்லை, ஒற்றைக்கல் சுவர். அந்தப் பக்கம் மாதாமாதம் பிராங்கில் பென்ஷன் வந்தது, மேலே மெத்தைமாடி எழும்பியது, ஜன்னலுக்கெல்லாம் பச்சை வர்ணம் வந்தது. இந்தப் பக்கம் மாமனார் போட்ட ஓடு அப்படியே இருந்தது. எனக்குப் பொறாமை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இல்லை என்று சொல்ல நான் காவி கட்டிய ஆள் இல்லை. அவர்கள் வீட்டில் காலையில் வெண்ணெய் உருகுகிற வாசனை வந்தால் நான் என் பழைய சோற்றை வேறு மூலைக்குக் கொண்டுபோய் வைத்துத் தின்பேன்.

என் ஓரகத்தி, அதாவது மூத்தாரின் மனைவி, கன்னிமார் மடத்துப் பள்ளியில் படித்தவள். பிரெஞ்சு பேசுவாள். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் பூப்போடுவாள். அரியாங்குப்பத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்த வீட்டிலிருந்து வந்த எனக்கு இரண்டும் தெரியாது. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவள் என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

தானதர்மப் பணம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தச் சுவரின் இரு பக்கமும் பார்த்ததுதான். சொல்தாக்களுக்கு ஊரில் ஒரு சங்கம் இருந்தது. பிரான்சில் இருந்த கிழட்டுப் பட்டாளத்துக்காரர்களும் நல்ல மனசுள்ள வெள்ளைக்கார மதாம்களும் குலுக்கல் சீட்டு விற்று, விருந்து வைத்துத் திரட்டிய காசை அங்கே அனுப்புவார்கள். சங்கத்தார் அதில் பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை பதினாலுக்கு மாலை வாங்குவார்கள், பாண்டு வாத்தியம் வைப்பார்கள், பிறகு ஆளுக்கொரு கிளாஸ் ஒயினும் உண்டு. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. வருஷக் கடைசியில் ஒரு பார்சல் வரும். ஒரு தடவை அதில் கம்பளிக் காலுறை இருந்தது. புதுச்சேரி வெயிலில் கம்பளிக் காலுறை! அதைப் பார்த்து நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, என் வீட்டுக்காரருக்கு ஒற்றைக் காலுறை போதுமே என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்துப் பணம் படைவீரர் கொடிநாளில் வசூலானது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காகிதக் கொடியும் தகர உண்டியலுமாகத் தெருவில் வருவார்கள். என் மகளும் ஒரு வருஷம் உண்டியல் கொண்டுபோனாள். நம் வீட்டுக்கு வரவேண்டிய காசை நம் பிள்ளையே ஊரெல்லாம் கேட்டு வாங்குகிறதே என்று எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. உண்டியலை வாங்கிக் குலுக்கிப் பார்த்தேன். நல்ல கனம். "இது யாருக்குப் போவுதுடி?" என்றேன். "அப்பாவுக்குத்தாம்மா" என்றாள்.

அப்பாவுக்கு அப்போது என்ன தேவை என்று எங்கள் தெரு நாய்க்குக்கூடத் தெரியும். பட்டாளத்தில் பொருத்திவிட்ட கட்டைக்கால் உரசி உரசி, துண்டான இடம் புண்ணாகிவிட்டது. கட்டைக்காலைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு, கக்கத்தில் இரண்டு கோலோடு ஆலைக்குப் போய்வந்தார். அங்கே கேட்டில் காவல் வேலை. போய்ச் சேர்வதற்குள் சட்டை நனைந்துவிடும், சங்கு ஊதிவிடும். கேட்டில் நிற்க வேண்டியவன் சங்குக்குப் பிறகு வந்தால் யார் வைத்துக்கொள்வார்கள்? இன்னும் சில நாள் பார்ப்போம், இல்லாவிட்டால் வேறு ஆள் போடுவோம் என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள். அந்த வேலை போனால் எங்களுக்கு அவருடைய சின்ன பென்ஷன்தான் மிச்சம். அதை நம்பிப் பாதி மாதம்கூட உலை வைக்க முடியாது.

அந்த நேரத்தில்தான் சங்கத்துக்கு பிரான்சிலிருந்து ஒரு பெரிய தொகை வந்தது. போரில் உடல் ஊனமான சொல்தாக்களுக்கு மட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். சங்கத்தார் கூடிப் பேசி, ஊனமானவர் எல்லாருக்கும் கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி என்று முடிவு செய்தார்கள். எல்லாருக்கும் என்றால் எல்லாருக்கும்தான். என் மூத்தாரும் ஊனத்துக்கு பென்ஷன் வாங்குகிறவர்தானே? காது கேட்காத மனிதருக்கு, இரண்டு காலும் தேக்குத் தூண் மாதிரி உள்ள மனிதருக்கு, நீல வர்ணம் அடித்த மூன்று சக்கர வண்டி வந்து வாசலில் நின்றது. முதுகில் பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்தது. மூத்தார் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, மணியை அடித்தார். அந்த மணிச்சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

எங்களுக்கும் வந்தது. ஒன்றும் வராமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கொடிநாள் காசு போய்ச்சேருகிற நல நிதி ஆபீசிலிருந்து ஜீப்பில் வந்து இறக்கினார்கள். முன்னாள் படைவீரர் சுயமாகத் தொழில் செய்து பிழைப்பதற்காகத் தையல் மிஷின். இரண்டு காலையும் பலகையில் வைத்து மிதித்து ஓட்டுகிற மிஷின். என் வீட்டுக்காரர் கோலை ஊன்றிக்கொண்டு அதைப் பார்த்தார்.

"மத்த கால அவங்க அடுத்த வருஷம் அனுப்புவாங்க போல" என்றார்.

அவருக்கு எல்லாம் சிரிப்புதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே திட்டினேன். "உங்க அண்ணனுக்குக் காதுக்கு வண்டி. உங்களுக்குக் காலுக்கு மிஷின். இந்த ரெண்டு கவர்மெண்டும் சேந்து நம்மள வச்சி வேடிக்க பாக்குதா? உங்கள பட்டாளத்துக்கு யாரு போவச் சொன்னது? அவரு கூடவே கப்பல் ஏறியிருக்கக் கூடாதா?"

"ஏறியிருந்தா உன்னக் கட்டியிருக்க மாட்டேன்."

"அது ஒன்னுதான் நல்லது நடந்திருக்கும்."

மறுநாள் காலையில் பின்கட்டு வழியாக ஓரகத்தி வந்தாள். புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். "ஏண்டி, நான் ஒன்னு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே? வண்டிய கொழுந்தனாரு எடுத்துக்கட்டும். மிஷினு உனக்கு வேணாம்னா நான் வச்சிக்கிறேன். எனக்குத் தைக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

எவ்வளவு சுலபமான வழி. எனக்குத் தோன்றவில்லையே, அவளுக்குத் தோன்றிவிட்டதே என்று நெஞ்சு வெந்தது. ஆனால் வாய் "சரிக்கா" என்றது. கொடுத்த சாமானைக் கைமாற்றக் கூடாது என்பது இரண்டு பக்கத்திலும் சட்டம். சங்கத்துக்குத் தெரிந்தால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள், ஆபீசுக்குத் தெரிந்தால் மிஷினைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பின்கட்டு வழியாகவே சாமான் மாறியது.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் சங்கு ஊதுமுன் ஆலை கேட்டில் இருந்தார். சட்டை நனையவில்லை. புண் ஆறியது. நான் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தேன், மத்தியானம் வரைக்கும். மத்தியானமானால் சுவருக்கு அந்தப் பக்கம் கடகடவென்று என் மிஷின் ஓடத் தொடங்கும். ஆமாம், என் மிஷின்தான். தெருப் பெண்களெல்லாம் ரவிக்கைத் துணியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்கள். கருவடிக்குப்பத்திலிருந்துகூட ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். கையில் பிராங்கு வருகிறவளுக்கு இந்தக் காசு வேறு. நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே எண்ணெயில் போட்ட கடுகாக வெடித்தேன்.

கைமாற்றின சாமானைக் காப்பாற்ற நாங்கள் நடித்த நாடகம் இருக்கிறதே, அதைச் சொல்லியாக வேண்டும். ஆபீசர் பார்வையிட வருகிறார் என்று தெரிந்தால் மிஷின் பின்கட்டு வழியாக எங்கள் பக்கம் வந்துவிடும். ஒரு தடவை வந்தவர் சும்மா பார்த்துவிட்டுப் போகாமல், "எங்க, ஒரு தையல் போட்டுக் காட்டுங்கம்மா" என்றார். பலகையை மிதித்தால் சக்கரம் பின்னால் சுற்றுகிறது, முன்னால் சுற்றினால் நிற்க மாட்டேன் என்கிறது. எப்படியோ ஒரு தலையணை உறை தைத்தேன். நான்கு பக்கமும் தைத்துவிட்டேன். ஆபீசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தலகாணிய எந்தப் பக்கம் போடுவீங்க?" என்றார்.

"உள்ள போட்டுட்டுத்தான் சார் தைப்போம். திருடு போவாது" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்தப் பக்கம் ஜூலை பதினாலு. அன்று காலையில் வண்டி மூத்தாரிடம் போய்விடும். கடற்கரைச் சாலை ஊர்வலத்தில் அவர் பதக்கமெல்லாம் குத்திக்கொண்டு, மடியில் ஒரு சால்வையைப் போட்டுக் காலை மூடிக்கொண்டு வண்டியில் போக வேண்டும். வண்டி கொடுத்திருக்கிறோம், நடந்து வந்தால் எப்படி என்பது சங்கத்தின் வழக்கம். அவரும் வருஷத்துக்கு வருஷம் நன்றாக நடிக்கக் கற்றுக்கொண்டார். முழங்காலைத் தடவிக்கொள்வார், வெயிலில் முகத்தைச் சுளிப்பார். ஜனங்கள் அவரைப் பார்த்துப் பார்த்துக் கை தட்டினார்கள். ஒரு வெள்ளைக்கார மதாம் குனிந்து கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

கால் உண்மையிலேயே போனவர் என் பக்கத்தில் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய பதக்கம் வீட்டில் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அவர் இரண்டு கோலையும் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு கை தட்டினார். எனக்கு வந்ததே கோபம்.

"எதுக்குக் கை தட்டறீங்க? அது நீங்க ஓட்டற வண்டி."

"வண்டிக்குத்தான் தட்டறேன். காலையில நான்தான் எண்ணெ போட்டேன். சத்தம் வருதா பாரு."

அவர் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. வெயில் என்றார். நான் மூத்தாரையும், அவருக்குப் பின்னால் பட்டுப் புடவையில் கைக்குட்டையோடு நடந்து போன ஓரகத்தியையும் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தக் கைத்தட்டலில் பாதியாவது இந்தப் பக்கம் விழக்கூடாதா என்று எனக்கு இருந்தது.

இப்படியே சில வருஷம் ஓடியது. பிறகு யாரோ சங்கத்தில் போய்ச் சொல்லிவிட்டார்கள், சொல்தா வண்டியில் ஆலைக் காவல்காரன் போகிறான் என்று. பின் தெருவில் வண்டி கிடைக்காத இன்னொரு சொல்தா சொன்னார் என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரியாது. நான் நேரே ஓரகத்தியைத்தான் சந்தேகப்பட்டேன். இத்தனை நாள் நல்லவளாக இருந்தவள் இப்போதாவது தன் சுயரூபத்தைக் காட்டினாளே என்று ஒரு அற்பத் திருப்திகூட வந்தது. சங்கத்திலிருந்து செய்தி வந்தது: பணம் அனுப்பிய இடத்திலிருந்தே ஒரு மதாம் வந்திருக்கிறாள், வண்டிகளை வீடு வீடாகப் பார்க்கப் போகிறாள், தப்பாக இருந்தால் எடுத்துக்கொள்வாள்.

அந்த மதாம் வந்த அன்று மூத்தார் கூடத்தில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார், மடியில் சால்வையோடு. நான் கதவோரம் நின்றேன். நரைத்த கிராப்பு வைத்த, ஒல்லியான மனுஷி. கையிலிருந்த தாளைப் பார்த்தாள், மூத்தாரைப் பார்த்தாள், ஏதோ கேட்டாள். மூத்தாருக்கு எங்கே கேட்கும்? வழக்கம்போல முகத்தைச் சுளித்து முழங்காலைத் தடவினார். மதாம் மறுபடி தாளைப் பார்த்தாள். தன் காதைத் தொட்டுக் காட்டினாள். மூத்தார் இன்னொரு முழங்காலையும் தடவினார்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் ஆலையிலிருந்து கோல் ஊன்றியபடி வந்து வாசலில் நின்றார். வண்டி இல்லாததால் நடந்தே வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மதாம் அவருடைய மடித்துக் கட்டிய கால்சட்டையைப் பார்த்தாள்.

ஓரகத்தி பேச ஆரம்பித்தாள். மடமடவென்று பிரெஞ்சில். என்னைக் காட்டினாள், என் வீட்டுக்காரரைக் காட்டினாள், உள்ளேயிருந்த மிஷினைக் காட்டினாள். என் அடுப்பு எரிவதும் அணைவதும் இவள் வாயில், அதுவும் எனக்கு ஒரு சொல்கூடப் புரியாத பாஷையில். அவள் எங்களைக் காட்டிக்கொடுக்கிறாளா, காப்பாற்றுகிறாளா என்றுகூடத் தெரியாமல் நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கன்னிமார் மடத்தில் என்னைச் சேர்க்காத என் அப்பாவைக் கூட அந்த நிமிஷம் சபித்தேன்.

மதாம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு வண்டியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்து, இரண்டொரு வார்த்தை பேசினாள். ஓரகத்தி ஏதோ பதில் சொன்னாள். மதாம் தாளில் குறித்துக்கொண்டு, என் வீட்டுக்காரருக்குக் கை கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். வண்டி அங்கேயே நின்றது.

"இன்னாக்கா சொன்ன அவ கிட்ட?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"உள்ளதத்தான் சொன்னேன். இவங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. ஒருத்தருக்குக் காது போச்சி, ஒருத்தருக்குக் காலு போச்சி. நீங்க காது போனவருக்கு வண்டி குடுத்தீங்க, அவங்க காலு போனவருக்கு மிஷினு குடுத்தாங்க. நாங்க மாத்திக்கினோம். வேணும்னா எடுத்துக்கினு போங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு அவ?"

"வண்டி இருக்கட்டும்னா. 'காது போனவருக்கு இன்னா வேணும்னு நாங்க கேக்கவே இல்ல, நீங்க சொல்லுங்க'ன்னா. காதுல மாட்டற மிஷினு கேட்டிருக்கேன்."

அவளுக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம். எனக்கு வந்தது வேறு. "உனக்கென்னக்கா, நீ வாயத் தொறந்தா நடக்குது. பென்ஷன் இருக்கு, மெத்த இருக்கு, பாஷ இருக்கு, இப்ப அதுவும் வரும். உனக்கு இல்லாதது இன்னா இருக்கு?"

அவள் முந்தானையை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். "போன வாரம் கொழம்புல உப்பு இல்லன்னு கொழுந்தனாரு கத்தினாரு. 'போய் உங்க கர்னல் கிட்ட கேளுங்க'ன்ன நீ. 'கர்னல் வீட்டு நாயே இதத் திங்காது'ன்னாரு அவரு. அப்பறம் ரெண்டு பேரும் சிரிச்சீங்க." நடுச்சுவரைக் காட்டினாள். "நான் சொவுத்துல காத வச்சிக்கினு கேட்டுக்கினே இருப்பேண்டி. எங்க வூட்டுல நான் பேசினா சொவுரு கேக்கும். அவரு மொகத்தப் பாத்து சிரிப்பாரு. என் மேல கோவப்படவாவது அவருக்கு நான் சொல்றது கேக்கணும் இல்ல?"

என்னிடம் பொறாமைப்பட ஒன்று இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பெருமையாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து, அன்றைக்கு வேண்டுமென்றே என் வீட்டுக்காரரோடு சண்டை போட்டேன், சுவருக்குப் பக்கத்தில் நின்று, கொஞ்சம் சத்தமாகவே.

காது மிஷின் வந்துசேர வெகுநாள் ஆயிற்று. சட்டைப் பையில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். மாட்டிய அன்று மூத்தார் வாசலில் நின்ற வண்டியின் மணியை அடித்துப் பார்த்தார். மறுபடி அடித்தார். தெரு முழுக்க எழுந்து பார்க்கிற வரை அடித்தார்.

என் வீட்டுக்காரர் அந்த வண்டியில்தான் கடைசிவரை ஆலைக்குப் போனார். எண்பதுகளின் பிற்பாதியில் ஒரு மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று படுத்தார், எழவில்லை. அவருடைய பதக்கத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சட்டையில் குத்தியது மூத்தார்தான். வண்டியைச் சங்கத்துக்கே திருப்பிக் கொடுத்தோம். வேறொருவருக்குக் கொடுத்தார்களாம். இந்தத் தடவை உண்மையிலேயே காலில்லாத ஆள். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்து போன பிறகு, ஒருநாள் மத்தியானம் தனியாகச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மூத்தாரின் குரல் கிளம்பியது. "இன்னாது இது, கொழம்பா, கடல் தண்ணியா?" என்றார். ஓரகத்தி விடவில்லை. "அந்தக் காதுப் பொட்டிய அணைச்சிட்டுத் தின்னுங்க, ருசியா இருக்கும்" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

என் தட்டில் இருந்த குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. சொல்ல ஆளில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்ச் சுவரில் காதை வைத்தேன். பொறாமையில் வயிறு எரிந்தது. காதை எடுக்கவில்லை.